ஓசித் தலைமுறை என்றொரு குற்றச்சாட்டு

இணையத்தோடு வளர்ந்த தலைமுறைக்குக் காசு கொடுத்துப் படிக்கவும் பார்க்கவும் கேட்கவும் தெரியாது என்ற பேச்சு, பத்திரிகை அலுவலகங்களிலும் பதிப்பாளர் கூட்டங்களிலும் திரைப்படச் சங்க மேடைகளிலும் ஏறக்குறைய முடிந்த முடிவாகவே வழங்குகிறது. அந்தப் பேச்சின்படி, முந்தைய தலைமுறை வாரம் தவறாமல் பத்திரிகை வாங்கியது, கேசட் வாங்கியது, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தது. பின்னால் வந்தவர்களோ செல்போனைத் தொட்டால் எல்லாம் கிடைக்கும் காலத்தில் கண் திறந்ததால், பிறர் உழைப்புக்கு விலை உண்டு என்பதே தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள். மீம், டெலிகிராம் சானல், நால்வர் பகிர்ந்துகொள்ளும் பாஸ்வேர்டு ஆகியவை இதற்குச் சாட்சிகளாக நிறுத்தப்படுகின்றன. சொல்பவர்கள் அனுபவசாலிகள் என்பதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இந்தக் கதையில் கடந்தகாலமும் சரியாக நினைவுகூரப்படவில்லை, நிகழ்காலமும் சரியாக எண்ணப்படவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு வார இதழை வாங்கியவர்கள் எண்ணிக்கையும் படித்தவர்கள் எண்ணிக்கையும் எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. டீக்கடை பெஞ்சில் நாளிதழ் தாள்தாளாகப் பிரிந்து கைமாறியது. முடிதிருத்தும் கடையில் மாதம் கடந்த குமுதம் காத்திருந்தது. ஒரு வீட்டில் வாங்கிய ஆனந்த விகடன் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அட்டை கிழிந்து திரும்பியது. ஊருக்கு ஊர் இருந்த லெண்டிங் லைப்ரரிகளில் சில நாணயங்களுக்கு ஒரு நாவல் நூறு கைகளுக்குப் போனது. அந்த நாணயங்களில் எழுத்தாளருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. இதழ் நிறுவனங்கள் இந்த ஓசிப் படிப்பைப் பார்த்து வருந்தியதாகவும் தெரியவில்லை. விளம்பரதாரரிடம் போகும்போது விற்ற பிரதிகளின் எண்ணோடு, ஒரு பிரதியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணையும் பெருமையாகக் காட்டினார்கள். ஓசியில் படித்தவரும் அன்று வருமானக் கணக்கில் ஒரு தலை. அதே வாசகரின் பேரன் ஒரு கட்டுரையின் இணைப்பை நண்பனுக்கு அனுப்பினால் மட்டும் அது ஒழுக்கக் கேடாகிவிடுகிறது.

வாங்கியவர்களும் படைப்பின் விலையைக் கொடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் நாளிதழின் கடை விலை அதன் உற்பத்திச் செலவை ஈடுகட்டியதே அரிது. மிச்சத்தை விளம்பரம் கொடுத்தது. 2005இல் சன் குழுமத்துக்குக் கைமாறிய தினகரன் ஒரு ரூபாய்க்குக் கடைக்கு வந்தது. அன்று அந்த ஒரு ரூபாய் தாளின் விலைக்கே காணாது. செய்தியாளரின் சம்பளமும் அச்சு இயந்திரத்தின் தேய்மானமும் எங்கிருந்து வந்தன என்று வாசகர் எவரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று உரிமையாளரும் எதிர்பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்து கொடுத்த காசில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிட்டுப் போவார். இ-பேப்பர் சந்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. முந்தைய தலைமுறை தாளுக்கும் ஒலிநாடாவுக்கும் திரையரங்க நாற்காலிக்கும் பணம் கொடுத்தது. எழுத்துக்கும் இசைக்கும் தனியாக ஒரு விலை உண்டு என்று அதனிடம் யாரும் கேட்டதே இல்லை.

உண்மையிலேயே எழுத்துக்காக வசூலான பணம் ஒன்று இருந்தது, அதை யாரும் நினைப்பதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வழிசெய்தது. வாசிக்கத் தெரியாதவரின் வீட்டு வரியிலிருந்தும் வாசிப்பவருக்காக ஒரு பங்கு போயிற்று. காசில்லாத மாணவர் கிளை நூலகத்தில் இலவசமாகப் படித்தார். அவரை யாரும் திருடன் என்று அழைக்கவில்லை, ஏனென்றால் செலவை ஊரே பகிர்ந்துகொண்டிருந்தது. இணையத்தில் அப்படியொரு பொது ஏற்பாடு உருவாகவில்லை. அந்தக் குறைக்கு இருபது வயதுக்காரரைப் பொறுப்பாக்குவது விந்தை.

இனி கேசட். 1980களில் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களில் இருந்த ரெக்கார்டிங் கடைகளை மறந்துவிட்டு இந்த விவாதத்தைப் பேச முடியாது. வாடிக்கையாளர் ஒரு காகிதத்தில் பாட்டுகளைப் பட்டியலிட்டு, அறுபது நிமிட அல்லது தொண்ணூறு நிமிட வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவார். சில நாட்களில், கடைக்காரரின் இசைத்தட்டுகளிலிருந்து பதிவாகி, உறையில் முத்து முத்தான கையெழுத்தில் பாடல் வரிசையோடு அது கிடைக்கும். பக்கம் பிசகாமல், நேரம் வீணாகாமல் பாட்டுகளை அடுக்குவதில் பெயர் பெற்ற கடைக்காரர்களும் இருந்தார்கள். இன்று அறுபதைக் கடந்தவர்களின் இசை ரசனையை உருவாக்கியதில் இந்தக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டத்தின் கண்ணில் இது முழுக்க முழுக்கப் பதிப்புரிமை மீறல். இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ ஒலிப்பதிவு நிறுவனத்துக்கோ அந்தக் கடைகளிலிருந்து எதுவும் போகவில்லை. ஆனாலும் அதை இன்று நினைவுகூர்பவர்கள் இனிய ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஸ்பாட்டிஃபை பட்டியலை நண்பர்களுக்கு அனுப்பும் பெண்ணைப் பார்த்து உழைப்பை மதிக்காத தலைமுறை என்று சலித்துக்கொள்பவர்களும் பல நேரம் அவர்களே.

வீடியோ வந்ததும் கதை பெரிதானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, குறைந்தது ஆறு மாதச் சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதமும் என்று தண்டனை கூட்டப்பட்டது. கேசட், வீடியோ நகல் வணிகம் அந்த அளவுக்குப் பெருகியிருந்ததே காரணம். இன்று குற்றம் சாட்டப்படுபவர்கள் அன்று பிறக்கவே இல்லை. அதன்பின் பர்மா பஜாருக்குத் திருட்டு விசிடியும் வந்தது. 2004இல் தமிழ்நாடு அரசு, குண்டர் சட்டம் என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவரோடு ஒரே வரிசையில் வைக்கவேண்டிய அளவுக்கு அந்த வணிகம் வளர்ந்திருந்தது என்றால், அதை வளர்த்த வாடிக்கையாளர்கள் குடும்பத்தலைவர்களும் தலைவிகளும்தான். வீட்டில் டிவிடி பிளேயர் வாங்கிவைத்தவர்கள் அவர்களே. தொலைதூரப் பேருந்தில் புதுப்படம் போட்டால் முகம் சுளிக்காமல் பார்த்தவர்களும் அவர்களே.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ரெக்கார்டிங் கடையிலும் விசிடி கடையிலும் வாடிக்கையாளர் காசு கொடுத்தே வாங்கினார். கொடுக்கும் மனம் அவருக்கு இருந்தது. உரியவருக்குக் கொடுக்கும் வழிதான் கடைத்தெருவில் இல்லை, இருந்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை.

கணினி உலகிலும் முதல் குற்றவாளிகள் இளையவர்கள் அல்லர், அல்லது அவர்கள் இன்று மிக மூத்தவர்கள். 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ், கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே தன் நிறுவனத்தின் பேசிக் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியதாகவும், மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டதாகவும் அதில் குமுறியிருந்தார். நகலெடுத்தவர்கள் பொறியாளர்கள், சம்பளக்காரர்கள். வலைத்தளம் என்ற ஒன்று அப்போது உலகில் இல்லை. பின்னர் 1990களில் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினிகளில் விண்டோஸும், அச்சுக்கோப்புக் கடைகளில் பேஜ்மேக்கரும் எப்படி வந்து உட்கார்ந்தன என்பது அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்ட நூல்களில் பதிப்புரிமை எச்சரிக்கையும் தவறாமல் அச்சாயிற்று.

அசல் கேசட் வாங்கியவர்கள் கலைஞரை வாழவைத்தார்கள் என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. இந்தியத் திரையிசையில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெரும்பாலும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு உரிமையை எழுதிக்கொடுத்தார்கள். பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அவர்கள் பங்கு கூடவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாதபடி பாதுகாப்புக் கிடைத்தது. இளையராஜாவின் பழைய பாடல்களின் உரிமை யாருக்கு என்று ஒலிப்பதிவு நிறுவனங்களோடு நடந்த வழக்குகள் அந்தக் காலத்து ஒப்பந்தங்களின் லட்சணத்தைக் காட்டுகின்றன. கேசட்டுக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று அன்றைய ரசிகர் கேட்கவில்லை. கேட்காததில் தவறில்லை. ஆனால் அந்த அறியாமையை நேர்மை என்று இன்று பெயர் மாற்றி, பின்னால் வந்தவர்களுக்கு உபதேசமாகச் சொல்வது சரியில்லை.

இலவசம் என்ற பழக்கத்தை இணையத்தில் விதைத்தவர்கள் யார் என்று பார்த்தால் குற்றச்சாட்டு இன்னும் தள்ளாடுகிறது. நியூயார்க் டைம்ஸ் 1996 ஜனவரியில் இணையத்துக்கு வந்தபோது அமெரிக்க வாசகரிடம் காசு கேட்கவில்லை. அச்சில் விற்கும் பொருளைத் திரையில் சும்மா கொடுப்பது என்ற முடிவை எடுத்தவர்கள் அனுபவம் மிக்க நிர்வாகிகள். விளம்பரம் வந்து குவியும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தொடக்க ஆண்டுகளிலேயே சந்தா கேட்டது, பெற்றது. ஆகவே வேறு வழி இருந்தது. நியூயார்க் டைம்ஸ் 2005இல் சில பகுதிகளுக்குக் கட்டணம் வைத்து, 2007இல் எடுத்துவிட்டு, 2011இல் மீண்டும் வைத்தது. பதினைந்து ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பழகியவரைக் குறை சொல்வது வினோதமான நியாயம்.

இந்தியாவில் இந்த விதைப்பு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபோது, ஒரு ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. ஜியோ அதை 2017 மார்ச் முடியும்வரை இலவசமாகக் கொடுத்தது. அதைக் கேட்டு எந்த மாணவர் சங்கமும் ஊர்வலம் போகவில்லை. 2023 ஐபிஎல் போட்டிகளை ஜியோசினிமா கட்டணமின்றி ஒளிபரப்பியது. 2023 முதல் 2027 வரையிலான இணைய ஒளிபரப்பு உரிமைக்கு வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. அத்தனை கோடி கொடுத்து வாங்கியதைச் சும்மா காட்டினால் அது தர்மமாக இருக்க முடியாது. போட்டியாளரிடமிருந்து பார்வையாளரை இழுக்கும் முதலீடு அது. ஹாட்ஸ்டாரோடு இணைந்து 2025இல் ஜியோஹாட்ஸ்டார் ஆனதும், சில நிமிடம் பார்த்தபின் சந்தா கேட்கும் ஏற்பாடு வந்தது. முதலீட்டாளர் பழக்கினார், முதலீட்டாளரே நிறுத்தினார். நடுவில் மேட்ச் பார்த்தவருக்கு மட்டும் ஓசிக்காரர் என்ற பெயர்.

காசு கொடுக்கும் கதவு எத்தனை காலம் பூட்டியிருந்தது என்பதும் இந்தக் கணக்கில் வரவேண்டும். தமிழ்த் திரைத்துறை இதற்குச் சிறந்த பாடம். 2013 ஜனவரியில் விஸ்வரூபம் படத்தைத் திரையரங்குக்கு முன்பே டிடிஎச் வழியாக, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டணத்தில், வீடுகளுக்குக் கொண்டுபோக கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பில் சிக்கித் தள்ளிப்போன அது, கடைசியில் நடக்காமலே போயிற்று. 2015இல் சேரன் தன் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை சி2எச் என்ற முயற்சியின் மூலம் ஐம்பது ரூபாய்க்கு டிவிடியாக வீட்டுக்கே விற்றார். திருட்டு விசிடி வாங்கும் கையை அசல் பக்கம் திருப்புவதற்கான நேரடியான யோசனை அது. தொழில் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. 2020இல், திரையரங்குகள் மூடிக் கிடந்த கொரோனா காலத்திலேயே, பொன்மகள் வந்தாள் நேரடியாக ஓடிடிக்குப் போனபோது, அதன் தயாரிப்பாளரின் படங்களைப் புறக்கணிப்போம் என்ற எச்சரிக்கை எழுந்தது. கட்டண வழி ஒவ்வொன்றும் திறக்கும்போது குறுக்கே நின்றவர்களின் சராசரி வயது இருபதாக இல்லை.

நூல்களிலும் இதே கதைதான். கிண்டில் தமிழ் நூல்களை முறையாக ஏற்றது 2016 டிசம்பரில். அதற்கு முன் டொரன்டோவிலோ தோகாவிலோ இருந்த தமிழ் வாசகர் ஒரு நாவலை மின்வடிவில் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் பெரும்பாலும் வழியில்லை. யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டுமே இருந்தது. அதைப் படித்தவரைப் பிடித்து உலுக்குவதைவிட, விற்பதற்கு அசலை ஏன் கொண்டுவரவில்லை என்று பதிப்பகத்தைக் கேட்பது பொருத்தமாக இருந்திருக்கும்.

பணம் செலுத்தும் கருவியும் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. இணையச் சந்தா என்றால் கடன் அட்டை என்றிருந்த காலத்தில், மாணவரிடமும் சிறுநகர இளைஞரிடமும் அது இல்லை. யுபிஐ 2016இல் வந்தது. மாதாமாதம் தானாகச் சந்தா செலுத்தும் யுபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில்தான் வந்தது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி அட்டைகளின் தானியங்கிப் பிடித்தங்களுக்குக் கூடுதல் அனுமதி தேவைப்பட்டது. வாடிக்கையாளர் பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் பல அதில் அறுந்தன. அறுந்தவற்றைப் பார்த்து இளைஞருக்கு ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டினால் என்ன சொல்வது?

விலை குறைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு நிறுவனத்தின் கணக்கே சாட்சி. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் மாதம் 500 ரூபாய்த் தொடக்க விலையோடு இந்தியாவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் மொபைல் திட்டத்தை 149 ரூபாய்க்கும் அடிப்படைத் திட்டத்தை 499இலிருந்து 199க்கும் இறக்கியது. அடுத்த ஆண்டில் இந்தியாவில் பார்க்கும் நேரம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதாகவும், வருவாய் வளர்ச்சி 19இலிருந்து 24 விழுக்காடானதாகவும் நிறுவனம் பங்குதாரர்களுக்கு எழுதியது. இடைப்பட்ட சில மாதங்களில் இந்தியரின் ஒழுக்கம் திடீரென உயர்ந்திருக்க வாய்ப்பில்லை. கட்டுப்படியாகும் விலைக்குப் பொருள் வந்தது, வாங்கினார்கள்.

உலகக் கணக்கும் அதையே சொல்கிறது. 1999இல் பாட்டுகளை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் சேவை வந்தபின் ஒலிப்பதிவுத் தொழிலின் வருவாய் பதினைந்து ஆண்டுகள் சரிந்தது. இனி இசைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்று அன்று துணிந்து ஆருடம் சொன்னவர்கள் ஏராளம். 2024இல் அந்த வருவாய் 2,960 கோடி டாலர் என்றும், கட்டணச் சந்தாக் கணக்குகளில் இருப்பவர்கள் 75 கோடிக்கு மேல் என்றும் சர்வதேச ஒலிப்பதிவுத் துறையின் கூட்டமைப்பு கணக்கிடுகிறது. வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங் வழியாக வருகிறது. இதில் பெரும்பகுதி, காசே கொடுக்காது என்று சபிக்கப்பட்ட தலைமுறைகளின் பணம்.

வீடியோ விளையாட்டு இன்னும் தெளிவான சாட்சி. ஃபோர்ட்நைட் இலவசமாக ஆடக்கூடிய விளையாட்டு. ஒரு காசும் கொடுக்காமல் கடைசிவரை ஆடலாம். 2018, 2019 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அது 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது என்பது அதை உருவாக்கிய எபிக் நிறுவனம் ஆப்பிளோடு நடத்திய வழக்கின் ஆவணங்களில் வெளியானது. ஆடையும் நடன அசைவும் வாங்க விருப்பப்பட்டுக் கொடுத்த பணம் அது. பெற்றோரின் அட்டையிலிருந்து போனதும் அதில் உண்டு. விருப்பம் எல்லா இடத்திலும் முழுமையாக இருக்கவுமில்லை. பயனரைக் குழப்பும் பொத்தான் அமைப்பால் வேண்டாத வாங்கல்களுக்கு இழுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியதைத் தொடர்ந்து, 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர அந்நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்டது. இளையோர் மிகக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மேடையில் புலம்பும் அதே காலத்தில், அவர்களிடமிருந்து மிக அதிகமாகப் பிடுங்கியதற்காக இன்னொரு மேடையில் அபராதம் விதிக்கப்படுகிறது.

செய்திக்கு வந்தால் நிலைமை கடினமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, வசதியான 20 நாடுகளில் இணையச் செய்திக்குப் பணம் கொடுத்தவர்கள் 17 விழுக்காடு. சில ஆண்டுகளாக அந்த எண் நகரவே இல்லை. ஆனால் நார்வேயில் அது 40 விழுக்காடு. நார்வே இளைஞர்களும் அதே இணையத்தில்தான் வளர்ந்தார்கள். உள்ளூர் நாளிதழுக்குச் சந்தா கட்டும் பழைய வழக்கமும், அதை இணையத்துக்கு மாற்றித் தந்த பதிப்பாளர்களும் அங்கே இருந்தார்கள் என்பதே வேறுபாடு. அமெரிக்காவில் 2016 தேர்தலுக்குப் பின் எடுத்த கணக்கில், 18 முதல் 24 வயதுள்ளோரில் செய்திக்குப் பணம் கொடுத்தவர்கள் 4 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகப் பாய்ந்தார்கள் என்று அதே நிறுவனத்தின் 2017 அறிக்கை பதிவு செய்தது. ஓர் இனத்தின் பிறவிக்குணம் ஒரே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல் மாறாது. செய்தி தேவை என்று தோன்றியபோது கொடுத்தார்கள்.

இந்தியாவில் செய்தியைக் காசில்லாமல் பரப்புபவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2020 ஊரடங்கில் நாளிதழ்களின் பிடிஎஃப் கோப்புகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றியபோது, அது சட்டவிரோதம் என்று இந்தியச் செய்தித்தாள் சங்கம் எச்சரித்தது. தைனிக் ஜாக்ரன் நாளிதழ் டெலிகிராமுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. காலை ஐந்தரை மணிக்குக் குடியிருப்போர் சங்கக் குழுவில் நாளிதழை முழுசாக ஏற்றுபவர் கல்லூரி மாணவர் அல்லர். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இணையப் பண்பாடே திருட்டுப் பண்பாடு என்ற வாதமும் நிற்பதில்லை. 2019 மே மாதம், 2001இல் வந்த ஃபிரண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த நேசமணி பாத்திரத்துக்காக உலகமே பிரார்த்திக்கும்படி ட்விட்டரில் ஒரு கூத்து நடந்தது. படக்காட்சிகளை அனுமதியின்றி எடுத்தாண்ட கூத்துதான். ஆனால் சினிமா மெட்டில் பக்திப்பாட்டு எழுதி ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டதும், திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளும், தேர்தல் மேடையில் ஹிட் பாட்டுக்கு வார்த்தை மாற்றிப் பாடியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எடுத்தாள்வது தமிழ் ரசனையில் நெடுநாளாக உள்ள ஒன்று. மீம் அதன் கடைசிக் குழந்தை, சற்று வாய்த்துடுக்கு உள்ளது, அவ்வளவே.

மறுபக்கம், இணையத்தின் இலவசத்தில் ஒரு பகுதி முழுக்கக் கொடையாக வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து உலகுக்குச் சும்மா கொடுத்தார்கள். ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் 2005 முதல் அதைச் செய்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் ஊதியமில்லா உழைப்பில் வளர்கிறது. இவற்றைப் பயன்படுத்தும் மாணவரையும் திருட்டுப்படம் இறக்குபவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கம், கொடுத்தவர்களுக்கே அவமதிப்பு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கடந்தகாலம் எப்படியிருந்தாலும், இன்று இருபது வயதில் உள்ளவர் நாற்பது வயதுக்காரரைவிடக் குறைவாகவே சந்தா செலுத்துகிறார் அல்லவா என்பது அது. சில சேவைகளைப் பொறுத்தவரை இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வயதையும் தலைமுறையையும் ஒன்றாகக் குழப்பியதில் பிறந்த வாதம் அது. இருபது வயதில் எவரிடமும் பணம் குறைவு, நேரம் அதிகம். நாப்ஸ்டரில் இரவெல்லாம் பாட்டு இறக்கிய கல்லூரி மாணவர்கள் இன்று நாற்பத்தைந்தைத் தொட்டவர்கள். சந்தாப் பட்டியலில் இன்று முன்னே நிற்பவர்கள் அவர்களே. அவர்களைப் பற்றியும் 2000ஆம் ஆண்டில் இதே வசனம்தான் பேசப்பட்டது. ஒரு தலைமுறையின் குணத்தைக் கண்டறிய வேண்டுமென்றால், அதே மனிதர்களை இருபதிலும் நாற்பதிலும் ஒப்பிடவேண்டும். ஒரே நாளில் இரு வயதினரை நிறுத்திப் பார்ப்பதில் தெரிவது பெரும்பாலும் சம்பள வேறுபாடு.

இன்னொன்று: இளைஞர் கொடுக்கவில்லை என்பதே அரைகுறைக் கணக்கு. மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். அந்தப் பணம் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் போகிறது. பார்க்கும் விளம்பரத்தின் பணம் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போய், அங்கிருந்து ஒரு பங்கு மட்டும் படைத்தவருக்கு வருகிறது. முன்பு நாளிதழுக்குப் போன விளம்பரக் காசுதான் இடம் மாறியிருக்கிறது. வாசகர் அன்றும் விளம்பரத்தைப் பார்த்தார், இன்றும் பார்க்கிறார். வசூலிப்பவர் மாறிவிட்டார். அவரோடு பேரம் பேசுவது கடினம், மாணவரைத் திட்டுவது எளிது. இத்தனை ஆண்டுகளாக இந்தக் குற்றச்சாட்டு தேயாமல் இருப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

முழுச் சந்தா கட்டுபவரின் பணமும் அவர் விரும்பியவரிடம் சேர்வதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் சந்தாத் தொகை ஒரு பொதுத் தொட்டியில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் பிரிகிறது. ஒரு மாணவி மாதம் முழுக்க ஒரு சிறிய தனியிசைக் குழுவை மட்டும் கேட்டாலும், அவருடைய சந்தாவின் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத நட்சத்திரங்களுக்குப் போகும். 2024 தொடக்கம் முதல், ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலின் ஒலிப்பதிவுக்கு அங்கே ராயல்டி கிடையாது. கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் கொண்டுவந்தது. பெரிய சேவைகள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. யூடியூப் சானல்களில் உறுப்பினர் கட்டணம் கட்டுவதும், நேரலையில் சூப்பர் சாட் அனுப்புவதும், பேட்ரியானில் மாதச் சந்தா கொடுப்பதும் இளையோரிடையே இயல்பாகிவிட்டதற்கு இதுவும் ஒரு விளக்கம்: அங்கே இடைத்தரகு போக மிச்சம் இன்னாருக்குப் போகிறது என்பது கொடுப்பவருக்குத் தெரிகிறது.